5 செ.மீ. ஃபைப்ராய்டு: கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் அக்காவுக்கு வயது 41. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் கூலி வேலை. இரண்டு குழந்தைகள், இரண்டாவது சிசேரியன், அப்போதே குடும்பக் கட்டுப்பாடும் செய்தாயிற்று. ஒரு வருடமாகத் தீட்டு ஒன்பது நாள் வரை இழுக்கிறது. முதல் நான்கு நாள் கட்டி கட்டியாகப் போகிறது, நாளுக்கு ஆறேழு நாப்கின் ஆகிறது. சேலத்தில் எடுத்த வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பையின் பின்சுவரில் 5.2 x 4.8 செ.மீ. அளவில் ‘இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு’ (சுவருக்குள் இருக்கும் தசைநார்க் கட்டி) என்று எழுதியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 7.4. பார்த்த மருத்துவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இந்த மாதமே தேதி வைக்கலாம் என்றிருக்கிறார். பக்கத்து வீட்டில், எடுத்தால் இடுப்பே போய்விடும், கழற்சிக்காய் சாப்பிட்டால் கரைந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எவ்வளவு அவசரம், இது புற்றுநோயாக மாறுமா, எடுக்காமல் சமாளிக்க முடியுமா. அவசரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் இப்போது தவறு நடக்க வாய்ப்பிருக்கிறது.

கட்டிக்கு அவசரம் இல்லை. ரத்தத்துக்கு இருக்கிறது. 5 செ.மீ. கட்டி இன்னும் மூன்று மாதம் கழித்தும் ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கும். ஆனால் 7.4 ஹீமோகுளோபினோடு அக்கா தினமும் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வேலை செய்கிறார். மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, கால் வீங்குவது எல்லாம் இதனால் வரும். இன்னொன்றும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் வசிப்பவர்களுக்கு உடல் இயல்பாகவே கொஞ்சம் கூடுதல் ரத்தம் ஊறவைத்திருக்கும். அதனால் ரத்தசோகையைக் கணக்கிடும்போது அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை கழித்துப் பார்ப்பார்கள். அக்காவின் 7.4 என்பது சேலத்தில் வசிப்பவருக்கு 6.5, 7 இருப்பதற்குச் சமம். இந்த நிலையில் நேரே அறுவை அரங்குக்குப் போனால் ரத்தம் ஏற்ற வேண்டி வரும், காயம் ஆற நாளாகும், மயக்க மருந்தின் ஆபத்தும் கூடும். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இல்லாதவரை, ஹீமோகுளோபின் 10 தாண்டிய பிறகு அறுவை சிகிச்சை வைத்துக்கொள்வதே நல்லது. அதற்குத் தேவைப்படும் ஆறு முதல் எட்டு வாரம், நிதானமாக முடிவெடுக்கவும் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

கீரையும் பேரீச்சையும் மட்டும் கொடுத்து இதை ஈடுகட்ட முடியாது. ஏன் என்று கணக்கைப் பாருங்கள். உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மி.கி. இரும்புச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். நல்ல ரத்தம் 200 மி.லி. வெளியேறினால் அதோடு 80 மி.கி. இரும்பு போய்விடும். மாதம் முழுக்கச் சேர்ந்தது நான்கே நாளில் காலி. இப்போது எவ்வளவு குறைகிறது என்பதற்கு மருத்துவர்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. அக்காவின் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தேவையான 12லிருந்து இருக்கும் 7.4ஐக் கழித்தால் 4.6. அதை 50ஆலும் 2.4ஆலும் பெருக்கினால் 552. உடலின் சேமிப்புக்கென்று 500 சேர்த்தால் 1052. ஆக ஏறக்குறைய 1000 மி.கி. இரும்பு உள்ளே போக வேண்டும். மாத்திரையில் இதை எட்ட மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இரண்டு மூன்று தீட்டு வந்துவிடும். அதனால் இவருக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதுதான் பொருத்தம். அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து தடவை. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் 1000 மி.கி.யை ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். விலை கூடுதல், ஆனால் மலையிலிருந்து ஐந்து முறை இறங்கி வரும் பஸ் செலவையும் போகும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. எதுவானாலும் மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அபூர்வமாக ஒவ்வாமை வரும்.

ஏற்றுவதற்கு முன் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் இரும்புக் குறைவுதானா என்பது உறுதியாகும். 30க்குக் கீழே இருந்தால் சந்தேகமே இல்லை. தைராய்டும் பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் தீட்டு அதிகமாகும். ஈர மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்பவராக இருந்தால் கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே மாத்திரை, செலவு மிகக் குறைவு. இரும்பு மாத்திரை சாப்பிடும் நாட்களில் காபித் தோட்டத்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது காபியையேதான். காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதைக் குடலில் சேரவிடாமல் செய்யும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் காபி, டீ, பால் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும். வயிற்றைப் பிரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம், பலன் குறைவதில்லை. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பலர் தெம்பு வந்ததும் நிறுத்திவிடுவார்கள், நான்கு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே மறுபக்கம் ஓட்டையை விட்டுவைத்தால் பயனில்லை. தீட்டு நாட்களில் ரத்தத்தைக் குறைக்க டிரனெக்ஸாமிக் ஆசிட் என்ற மாத்திரை உண்டு. 500 மி.கி. மாத்திரை இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, அதிகமாகப் போகும் நான்கு ஐந்து நாளுக்கு மட்டும். ரத்தப்போக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவைக் குறைக்கும். கட்டி பெரிதாக இருந்தால் பலன் இன்னும் குறையலாம். மாதம் முழுக்கப் போடுவதற்கானது அல்ல. காலில் ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் போடவே கூடாது. மெஃபனாமிக் ஆசிட் வலியையும் தணிக்கும், போக்கையும் கொஞ்சம் குறைக்கும். இரண்டும் சேர்ந்த மாத்திரையாகவே கடைகளில் கிடைக்கும். நார்எதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் ரத்தம் நின்றுவிடும், ஆனால் நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாளில் மறுபடி தீட்டு வரும். மாத்திரை தோற்றுவிட்டது, இனி ஆபரேஷன்தான் என்று பல வீடுகளில் முடிவுக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான். அது தோல்வியல்ல, அந்த மருந்து வேலை செய்யும் விதமே அப்படி. இவை எல்லாமே காலத்தை வாங்கித் தருபவை. கட்டியைக் கரைப்பவை அல்ல.

இனி கட்டிக்கு வருவோம். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைச் சுவரின் தசை நார்கள் உருண்டு திரண்டு வளர்வது. வெட்டிப் பார்த்தால் நூல்கண்டைச் சுற்றிவைத்தது போல வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். ஊரில் எல்லாவற்றையும் ‘நீர்க்கட்டி’ என்றே சொல்லிவிடுகிறார்கள். நீர்க்கட்டி சினைப்பையில் வருவது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்கான மருந்து இதற்கு உதவாது. 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் ஃபைப்ராய்டு இருக்கும். பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தராது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரிய வரும். தொல்லை தராத ஃபைப்ராய்டுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள்தான் இதை வளர்க்கும் தீனி. மாதவிடாய் நின்றதும், நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதுவாக்கில், தீனி நின்று கட்டி சுருங்கத் தொடங்கும். உங்கள் அக்காவுக்கு அதற்கு இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கலாம். அந்த ஐந்தாறு வருடத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் சிகிச்சை பற்றிய முழுப் பேச்சும்.

புற்றுநோய் பயத்துக்கு நேரான பதில்: ஃபைப்ராய்டு புற்றுநோய் அல்ல, அது புற்றுநோயாக மாறுவதும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஃபைப்ராய்டு போலவே தோற்றம் காட்டும் சார்கோமா என்ற அபூர்வமான புற்றுநோய் ஒன்று உண்டு. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்தவர்களில் எத்தனை பேருக்கு அது இருந்தது என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் 350 பேரில் ஒருவர் என்றது. வேறு ஆய்வுகள் ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் என்கின்றன. வயது கூடக்கூட ஆபத்து கூடும் என்பது மட்டும் நிச்சயம். ஸ்கேனோ எம்ஆர்ஐயோ நூற்றுக்கு நூறு பிரித்துச் சொல்லாது. கட்டி வேகமாக வளர்ந்தால் புற்றுநோய் என்று முன்பு சொல்லிவந்தார்கள்; மாதவிடாய் நிற்காத பெண்களிடம் அந்த விதி நிற்கவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலோ ரத்தம் பட்டாலோ அது வேறு கதை, உடனே பார்க்க வேண்டும். அக்காவைப் பொறுத்தவரை சார்கோமாவைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கர்ப்பப்பையின் உள்சவ்வை. 40 தாண்டியவருக்கு இவ்வளவு ரத்தப்போக்கு என்றால் உள்சவ்விலிருந்து மெல்லிய குழாயால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்ல பழக்கம். உடல் பருமனோ சர்க்கரையோ இருந்தால் கட்டாயம். கூடவே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இல்லையா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையும். இவை செய்யாமல் கர்ப்பப்பையை எடுக்கத் தேதி வைத்திருந்தால், ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம்.

அடுத்தது ஸ்கேன் ரிப்போர்ட். எல்லோரும் சென்டிமீட்டரையே பார்க்கிறார்கள். ரத்தப்போக்கைத் தீர்மானிப்பதில் அளவைவிடக் கட்டி உட்கார்ந்திருக்கும் இடம் பெரிது. கர்ப்பப்பையை ஒரு அறை என்று நினைத்துக்கொண்டால், அறைக்குள் துருத்தும் கட்டி, சுவருக்குள் புதைந்த கட்டி, வெளிப்பக்கம் புடைத்த கட்டி என்று மூன்று விதம். உள்ளே துருத்துவது 2 செ.மீ. இருந்தாலும் ஆளைப் படுக்க வைக்கும். வெளியே புடைப்பது 8 செ.மீ. இருந்தும் ஒரு சொட்டு கூடுதலாகப் போகாமல் இருக்கலாம். சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி சிறுநீர் போக வைக்கும், அவ்வளவுதான். சர்வதேச மகப்பேறு கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் இதை 0 முதல் 8 வரை எண்களாகப் பிரித்தது. 0, 1, 2 உள்ளே துருத்துபவை. 3, 4 சுவரில் இருப்பவை. 5, 6, 7 வெளிப்பக்கம். 8 கர்ப்பப்பை வாய் போன்ற மற்ற இடங்கள். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ‘இன்ட்ராமியூரல், போஸ்டீரியர் வால்’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள். உள்சவ்வு எத்தனை மி.மீ., கட்டி அறையை நெருக்குகிறதா, எத்தனை கட்டிகள், சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. இந்த நான்கும் தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது இருட்டில் தடவுவதுதான். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் இவை தெளிவாகத் தெரியாது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் டிவிஎஸ் ஸ்கேன் கேளுங்கள். தீட்டு முடிந்த நான்கைந்து நாளுக்குள் எடுத்தால் உள்சவ்வு மெல்லிசாக இருக்கும், படம் தெளியும். சந்தேகம் இருந்தால் உப்புநீர் செலுத்தி எடுக்கும் ஸ்கேனோ, மெல்லிய கேமராவைக் கர்ப்பப்பைக்குள் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியோ விடை சொல்லும்.

அதே ஸ்கேனில் அடினோமயோசிஸ் இல்லையா என்றும் கேளுங்கள். உள்சவ்வு சுவருக்குள்ளேயே ஊடுருவி, கர்ப்பப்பை மொத்தமும் ஊதிப்போகும் நிலை அது. சிசேரியன் ஆனவர்களிடம் கூடுதலாகப் பார்க்கலாம், வலி அதிகம், ஃபைப்ராய்டு என்று தவறாக எழுதப்படுவதும் உண்டு. கட்டியாக இருந்தால் தோண்டி எடுக்கலாம்; இதைத் தோண்ட முடியாது. இன்னொரு சின்ன விஷயம்: அடுத்த ஸ்கேனில் 5.2 என்பது 5.6 ஆனால் வளர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம். வேறு கருவி, வேறு கை, வேறு கோணம் என்றாலே நான்கைந்து மி.மீ. வித்தியாசம் வரும். ஒப்பிட வேண்டுமென்றால் ஆறு மாத இடைவெளியில் அதே இடத்தில் எடுங்கள்.

இப்போது எடுக்காமல் இருக்க என்னென்ன வழி. டிவிஎஸ் ஸ்கேனில் கட்டி அறையை நெருக்கவில்லை என்று தெரிந்தால் முதலில் யோசிக்க வேண்டியது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மி.கி. கொண்ட, காப்பர்-டி போன்ற சாதனம். பலரும் மிரீனா என்ற பெயரில் அறிவார்கள். பார்வைக்குக் காப்பர்-டி போல இருந்தாலும் இதில் செம்பு இல்லை. சாதாரண காப்பர்-டி ரத்தப்போக்கைக் கூட்டும், இது குறைக்கும். ஒருமுறை வைத்தால் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்யும், அதாவது அக்காவைக் கிட்டத்தட்ட மாதவிடாய் நிற்கும் வயது வரை கொண்டு சேர்க்கும். குடும்பக் கட்டுப்பாடு செய்தவருக்கு எதற்கு என்று கேட்பார்கள். இங்கே அது கருத்தடைக்காக அல்ல. தோற்பது இரண்டு விதத்தில். ஒன்று, முதல் மூன்று முதல் ஆறு மாதம் கண்ட நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே இருக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வெறுத்துப்போய் எடுத்துவிடுவார்கள். இரண்டு, கட்டி உள்ளவர்களிடம் அது தானாக நழுவி வெளியேறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அறை நெருங்கியிருந்தால் இன்னும் அதிகம். வழிகாட்டு நூல்கள் இதை 3 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளுக்குத்தான் தயங்காமல் சொல்கின்றன; 5 செ.மீ.க்குப் பலன் கிடைப்பவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. முயன்று பார்த்துத் தோற்றால் இழப்பு சிறியது, அதனால்தான் முயலச் சொல்கிறேன்.

லியூப்ரோலைடு போன்ற மாத ஊசிகள் செயற்கையாக மாதவிடாயை நிறுத்தி, மூன்று மாதத்தில் கட்டியை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை சுருக்கும். நிறுத்தினால் சில மாதத்தில் பழைய அளவுக்கே திரும்பும். உடல் கொதிப்பு, வியர்வை, எலும்புத் தேய்மானம் என்று பக்கவிளைவுகள் இருப்பதால் ஆறு மாதத்துக்கு மேல் தனியாகக் கொடுப்பதில்லை. அறுவைக்கு முன் ரத்தம் ஏறுவதற்கு அவகாசம் வாங்க நல்ல கருவி. தனிச் சிகிச்சையாக அல்ல. குறைந்த அளவு மிஃபெப்ரிஸ்டோன் நம் ஊரில் நிறைய எழுதப்படுகிறது. போக்கு நிற்கும், கட்டி கொஞ்சம் சுருங்கும். நீண்ட காலம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதிய ஆதாரம் சேரவில்லை. யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரை கல்லீரலைக் கெடுத்த சில நிகழ்வுகளால் ஐரோப்பாவில் 2020இல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதை யாராவது எழுதினால் மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை இல்லாமல் ஏற்காதீர்கள்.

கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் இன்னொரு வழி. 1995இல் பாரிஸ் மருத்துவர்கள் வெளியிட்ட முறை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஊசித் துளை, அதன் வழியாக மெல்லிய குழாய், அரை மி.மீ. அளவுத் துகள்களை அனுப்பி அடைப்பார்கள். கர்ப்பப்பை தங்கும், தழும்பு இல்லை, இரண்டு மூன்று நாளில் வீடு. முதல் நாள் வலி கடுமையாக இருக்கும், ஒரு வாரம் காய்ச்சலும் அசதியும் வரலாம். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் போக்கு நன்றாகக் குறைகிறது. ஆனால் நெதர்லாந்தில் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, இதைச் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பின்னால் கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தது. மறுபக்கமிருந்து பார்த்தால் மூன்றில் இருவர் தப்பினார்கள். இதற்கு ஆஞ்சியோ லேபும், ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்து பழகிய இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டும் வேண்டும்; சேலத்தில் கிடைக்காவிட்டால் கோவை, வேலூர், சென்னைதான். ஒலி அலையால் கட்டியைச் சுடும் முறையும் இருக்கிறது, எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது, கிடைக்கும் இடங்களும் குறைவு.

கட்டியை மட்டும் எடுப்பது மயோமெக்டமி. உள்ளே துருத்தும் கட்டியாக இருந்தால் வயிற்றைத் தொடாமலே ஹிஸ்டரோஸ்கோப் வழியாகச் சீவி எடுத்துவிடலாம், மறுநாளே வீடு. அக்காவின் டிவிஎஸ் ஸ்கேனில் பெரும்பகுதி உள்ளே துருத்துகிறது என்று வந்துவிட்டால் முழு முடிவும் மாறிவிடும் என்பதற்காகத்தான் அந்த ஸ்கேனை இவ்வளவு வற்புறுத்துகிறேன். சுவருக்குள் புதைந்ததை லேப்ராஸ்கோப்பியிலோ (வயிற்றில் சிறு துளைகள் போட்டு), வயிற்றைத் திறந்தோ எடுப்பார்கள். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. இதைப் படிக்கும் இளம் பெண்கள் கவனிக்க: அறுவைக்குப் பின் ஆறு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள், தையல் ஆழமாக இருந்தால் பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்கும். அறையை நெருக்காத, சுவருக்குள் இருக்கும் கட்டியை எடுத்தால் கருத்தரிப்பு கூடுமா என்பது இன்னும் தீராத விவாதம். 41 வயதில், குழந்தை போதும் என்றிருப்பவருக்கு மயோமெக்டமியில் ஒரு குறை உண்டு: ரத்த இழப்பு ஏறக்குறைய கர்ப்பப்பையை எடுப்பதற்குச் சமம், புதிய கட்டிகள் வளரும் வாய்ப்பும் மிச்சம். கர்ப்பப்பை தனக்கு இருக்க வேண்டும் என்று அக்கா விரும்பினால் அதுவே போதுமான காரணம். குழந்தை பெற்றாயிற்றே, இனி எதற்கு என்று வேறு யாரும் சொல்லிவிட முடியாது.

கர்ப்பப்பையை எடுப்பது தவறான சிகிச்சை அல்ல. மருந்தும் சாதனமும் பலிக்காதபோது, கட்டிகள் பலவாக இருக்கும்போது, அடினோமயோசிஸும் சேர்ந்திருக்கும்போது, நிரந்தரமாக நிம்மதி தருவது அதுதான். செய்துகொண்ட பெண்களில் பெரும்பாலோர் முன்பே செய்திருக்கலாமே என்கிறார்கள். தவறாகப் போவது, மற்ற படிகளைத் தாண்டிக் குதித்து முதலிலேயே அதில் வந்து நிற்பது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. தேவையற்ற அறுவைகளைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஆகவே இரண்டாவது மருத்துவரைக் கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது.

எடுப்பதென்று முடிவானால் கேட்க வேண்டியவை சில. சினைப்பைகளை விட்டுவிடுவீர்களா? 41 வயதில் அவை ஆரோக்கியமாக இருந்தால் விட வேண்டும். அவற்றையும் சேர்த்து எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நின்ற நிலை, உடல் கொதிப்பு, எலும்புத் தேய்வு, இதய நோய் ஆபத்து எல்லாம் முன்கூட்டி வரும். விட்டுவைத்தாலும் சிலருக்கு ஓரிரு வருடம் முன்னதாகவே சுரப்பு குறையலாம். கருக்குழாய்களை எடுத்துவிடுவது பின்னாளில் சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும், அதை எடுக்கலாம். எந்த வழியாக எடுக்கிறீர்கள்? பிறப்புறுப்பு வழியோ லேப்ராஸ்கோப்பியோ என்றால் சீக்கிரம் எழலாம். பழைய சிசேரியன் தழும்பில் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்கும்போது கிழிய வாய்ப்புண்டு. அதனால் கையில் பழக்கமுள்ளவரிடம் செய்வது முக்கியம். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் பாப் ஸ்மியர் பின்னாலும் தொடர வேண்டும்.

இடுப்பு போய்விடும் என்பது பற்றி. கர்ப்பப்பை இடுப்பைத் தாங்கும் எலும்போ தூணோ அல்ல. எடுத்தவர்களின் முதுகுவலிக்குப் பெரும்பாலும் காரணம், ரத்தசோகை தீராமலே வேலைக்குத் திரும்புவதும், சினைப்பையும் போனதால் வந்த எலும்புத் தேய்வும், வயிற்றுத் தசை பலமிழந்ததும். ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. உள்தையல் விட்டுப்போனால் திரும்ப அரங்குக்குப் போக வேண்டியிருக்கும். பழக்கூடையை இடுப்பில் கட்டிச் சரிவில் நிற்பதற்கு இரண்டு மாதம், மூட்டை தூக்குவதற்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காபிப் பழம் பறிப்பு நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அந்தக் கூலியை விட முடியாது என்றால், இரும்பு ஏற்றி, மாத்திரையில் போக்கைக் கட்டுப்படுத்திக்கொண்டு, பறிப்பு முடிந்த பிறகு தேதி வைத்துக்கொள்ளலாம். கட்டி காத்திருக்கும்.

கழற்சிக்காய், மலைவேம்புச் சாறு இவற்றால் ஃபைப்ராய்டு சுருங்கியதாக நம்பும்படியான ஆய்வு இல்லை. சாப்பிட்டதால் கரைந்தது என்று சொல்லப்படும் கதைகளில் பாதி நீர்க்கட்டிக் கதைகள். அது தானாகவே மறைவது. மீதியில் மாதவிடாய் நின்ற வயது. அக்காவுக்கு நம்பிக்கை இருந்தால் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடட்டும், ஆனால் இரும்பை நிறுத்தக் கூடாது, ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று 7.4ஐ அப்படியே விட்டுவைக்கவும் கூடாது.

எங்கே போவது என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவில் புறநோயாளியாகப் பதிந்து இரண்டாவது கருத்துக் கேளுங்கள். பழைய ஸ்கேன் படம், ரிப்போர்ட், சிசேரியன் டிஸ்சார்ஜ் சீட்டு, மூன்று மாதத் தீட்டுத் தேதிகளும் நாப்கின் எண்ணிக்கையும் எழுதிய ஒரு தாள், இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டில் எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அடங்கும் என்பதை, பணம் கட்டும் முன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படம் பார்க்காமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் இங்கே நான் சொல்வது வழிகாட்டுதல் மட்டுமே. முடிவு அங்கே நேரில் பார்ப்பவரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது.

இதற்கிடையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மலையிலிருந்து சேலம் போய்ச் சேரவே ஒரு மணி நேரமாவது ஆகும். 108ஐ அழைத்து, ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் சலைன் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பின்னால் எந்த அறுவை நடந்தாலும், எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட் பத்து நாளில் வரும். தையல் பிரிக்கப் போகும் அன்று அதைக் கேட்டு வாங்கி, ஃபைப்ராய்டுதான் என்று எழுதியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள்.